எம்ஏ பத்தியில் 350: வயிற்று சிடி ஸ்கேனில் டோஸைக் குறைத்த அனுபவம்

சட்டையில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்புவோம். எனக்கு எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கிறது என்று அறிக்கை வரும். சிடி டெக்னீஷியனாக 14 வருடமாக இதுதான் பழக்கம். எங்களைப் போன்ற கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அலகு). எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. என் பேட்ஜில் வருவதெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான். நான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன்.

ஒரு ராத்திரி டூட்டியில் வலது அடிவயிற்று வலியோடு 24 வயதுப் பையன் ஒருவன் வந்தான். 54 கிலோ. அப்பெண்டிக்ஸ் சந்தேகம். எப்போதும் போல மருந்தில்லாமல் பிளெயின், கான்ட்ராஸ்ட் என்னும் அயோடின் மருந்தை ஏற்றி அது சிரைகளுக்கு வரும்போது வீனஸ் ஃபேஸ், கடைசியில் சில நிமிடம் கழித்து டிலேய்டு என்று மூன்று தடவை எடுத்து அனுப்பினேன். அப்பெண்டிக்ஸ்தான், விடிவதற்குள் ஆபரேஷனும் முடிந்தது. வேலை இல்லாத நேரத்தில் ஸ்கேனோடு மெஷின் பதிந்து வைக்கும் டோஸ் பக்கத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஃபேஸுக்கும் சிடிடிஐ, அதாவது மெஷின் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவு, 14 மில்லிகிரே, எடுத்த நீளம் 48 செ.மீ. சிடிடிஐயை நீளத்தால் பெருக்கினால் டிஎல்பி. மூன்றையும் சேர்த்து 2,016.

வயிறும் இடுப்பும் சேர்ந்த ஸ்கேனுக்கு டிஎல்பியை 0.015-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவெர்ட் கிடைக்கும். மொபைலில் போட்டுப் பார்த்தேன். 30.2.

எனக்கு ஓர் ஆண்டுக்கு அனுமதித்திருக்கும் உச்ச அளவை அந்தப் பையனுக்குப் பத்து நிமிடத்தில் கொடுத்திருக்கிறேன். நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது, நோயைக் கண்டுபிடிக்கிற பலன் அவருக்கு இருக்கிறது, அதனால் இந்த ஒப்பீடே சரியில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் டோஸைப் பார்க்க பேட்ஜ் இருக்கிறது, தபால் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. அவன் டோஸை அன்று வரைக்கும் நான்கூடப் பார்க்கவில்லை.

அன்று தொடங்கி எட்டு மாதம் எங்கள் வயிற்று ஸ்கேன்களில் என்னென்ன மாற்றினோம், எங்கே சறுக்கினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சக டெக்னீஷியன்களுக்குப் பயன்படலாம். உங்கள் மெஷினில் பெயர்கள் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு மாத டோஸ் பக்கங்களை ஒரு நோட்டில் எழுதினேன். வயிற்று ஸ்கேன் மட்டும், 50 முதல் 70 கிலோ வரை உள்ள பெரியவர்கள் மட்டும். எடை, எத்தனை ஃபேஸ், சிடிடிஐ, டிஎல்பி, எதற்காக ஸ்கேன், எந்த ப்ரோட்டோகால் (மெஷினில் முன்கூட்டியே சேமித்து வைத்த செட்டிங் தொகுப்பு). சராசரி எடுக்கவில்லை, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு பெரிய எண் வந்தால் சராசரி எகிறிவிடும், நடு எண் அப்படி ஆடாது.

சிடிடிஐ என்பது நோயாளி வாங்கிய டோஸ் அல்ல. 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளையை அதே செட்டிங்கில் எடுத்தால் அது எவ்வளவு வாங்கும் என்பதுதான் அந்த எண். அந்தப் பையனுடைய வயிறோ பக்கவாட்டில் 29 செ.மீ., முன்பின் 19 செ.மீ. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 23.5. அந்த உடம்புக்கு, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-ல் வெளியிட்ட 204-ஆம் அறிக்கையின் அட்டவணைப்படி, சிடிடிஐயை ஏறக்குறைய 1.56-ஆல் பெருக்க வேண்டும். 14 என்று திரையில் தெரிந்தது அவன் வயிற்றுக்குள் 22-க்கு அருகில். ஒல்லியானவர்களுக்குத் திரை எப்போதும் குறைத்துத்தான் காட்டும். நம்ம ஊரில் ஸ்கேனுக்கு வருகிறவர்களில் ஒல்லியானவர்கள் நிறைய.

இன்னொரு சங்கதி. பெரியவர் வயிற்றுக்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 25 மில்லிகிரே. நாங்கள் 14. பார்த்தால் பாஸ். ஆனால் அது ஒரு தடவை எடுப்பதற்கான அளவு, அதுவும் பெரிய உடம்பை மனதில் வைத்துச் சொன்னது. மூன்று தடவை எடுத்துவிட்டு ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறது என்பது, மூன்று ஸ்கூட்டரில் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்தானே என்று சொல்லிக்கொண்டு ஆறு பேர் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருகிற மாதிரி. சாப்பாடு ஆறு இலைக்கு வேண்டும்.

350, 350, 350

நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே எடை, ஒரே மாதிரி உடம்பு, ஆனால் சிலருக்கு சிடிடிஐ 5, சிலருக்கு 14. பதினான்கு வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே ப்ரோட்டோகாலில் எடுக்கப்பட்டவர்கள். வருடக்கணக்கில் எங்கள் பட்டியலில் கிடக்கும் ‘அப்டமன் தின்’ (Abdomen Thin).

ஆளில்லா நேரம் பார்த்து அதைத் திறந்தேன். ஸ்கௌட் என்னும் முன்னோட்டப் படம் எடுத்த பிறகு, எந்த இடத்தில் எவ்வளவு எம்ஏ (எக்ஸ்ரே ட்யூபில் ஓடும் மின்னோட்டம், மில்லிஆம்பியரில்; கூடினால் டோஸும் கூடும்) கொடுக்கப் போகிறது என்று மெஷின் ஒரு பத்தியில் காட்டும். ஒழுங்காக வேலை செய்தால் அந்தப் பத்தி ஏறி இறங்கும். நுரையீரல் அடியில் காற்று இருப்பதால் 80, 90, ஈரல் வரும்போது 130, இடுப்பெலும்பில் 180, 190. அந்தப் பையனின் ஸ்கேனில் பத்தி முழுக்க 350, 350, 350. மேலிருந்து கீழ்வரை ஒரே எண். 350 என்பது அந்த ப்ரோட்டோகாலில் வைத்திருந்த உச்சவரம்பு. அதாவது மெஷின் இன்னும் கேட்கிறது, கூரை இடிக்கிறது.

54 கிலோ பையனுக்கு எதற்கு 350? ரெண்டு டீ ஆனது கண்டுபிடிக்க.

எங்கள் மெஷினில் படத்தின் தரத்தை ‘நாய்ஸ் இண்டெக்ஸ்’ என்ற எண்ணால் சொல்கிறோம். படத்தில் எவ்வளவு புள்ளி புள்ளியான இரைச்சல் இருக்கலாம் என்று நாம் சொன்னால், அதற்கு வேண்டிய எம்ஏவை அதுவே போட்டுக்கொள்ளும். எண் கூடினால் இரைச்சல் கூடும், டோஸ் குறையும். ஆனால் அந்த எண் முதல் ரீகானின் (ஸ்கேன் டேட்டாவிலிருந்து படம் உருவாக்குவது) ஸ்லைஸ் தடிமனோடு, அதாவது ஒவ்வொரு படமும் உடம்பின் எவ்வளவு தடிமனைக் காட்டுகிறது என்பதோடு, கட்டப்பட்டது. 5 மி.மீ. ஸ்லைஸுக்கு 12 என்பது ஞாயமான எண். யாரோ என்றோ ஒருநாள், கரோனல் (உடம்பை முன்பக்கமிருந்து பார்க்கிற மாதிரி வெட்டிக் காட்டும்) படங்கள் வழவழப்பாக வரட்டும் என்று முதல் ரீகானை 1.25 மி.மீ. ஆக்கிவிட்டு, 12-ஐ அப்படியே விட்டிருக்கிறார்கள். ஸ்லைஸ் கால் பங்காக மெலிந்தால் அதில் சேரும் எக்ஸ்ரேயும் கால் பங்கு. அதே இரைச்சல் அளவில் படம் வேண்டுமென்றால் நாலு மடங்கு டோஸ் கொடுக்க வேண்டும். 130 எம்ஏ போதுமான உடம்புக்கு மெஷின் 520 கேட்டது, 350-ல் கூரை தடுத்தது. கூரை இல்லாதிருந்தால் இன்னும் மோசம்.

சரிசெய்ய இரண்டு நிமிடம்தான் ஆனது. முதல் ரீகான் 5 மி.மீ., மெல்லிய ஸ்லைஸ் இரண்டாவது ரீகானில். மெல்லிய படம் அதே டேட்டாவிலிருந்து இலவசமாக வரும், கரோனலுக்கு அது போதும். மறுநாள் அதே உடம்புவாகு உள்ள ஒருவருக்கு எடுத்தபோது பத்தி 85-ல் தொடங்கி 190 வரை ஏறி இறங்கியது. சிடிடிஐ 5.2.

அதை மாற்றி வைத்தவர் யாரென்று தேடவில்லை. நானாகக்கூட இருக்கலாம்.

மேடம் திட்டிய வாரம்

5.2 வந்த சந்தோஷம் நாலு நாள்தான் நீடித்தது. ரேடியாலஜிஸ்ட் மேடம் கூப்பிட்டார். “என்னப்பா பண்ணி வச்சிருக்கே? ஒல்லியா இருக்கறவங்க படம் எதுலயும் குடல் எது, கட்டி எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல.”

எனக்குப் புரியவில்லை. ஒல்லியானவருக்கு எக்ஸ்ரே சுலபமாக ஊடுருவும், டோஸ் குறைவாகத்தானே வேண்டும்? மேடம் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தொப்பை உள்ளவரின் வயிற்றுக்குள் ஒவ்வொரு உறுப்பைச் சுற்றியும் கறுப்பாகக் கொழுப்பு. குடல், அப்பெண்டிக்ஸ், நிணநீர்க் கட்டி எல்லாம் கோலம் போட்ட மாதிரி தனித்தனியாகத் தெரிகின்றன. ஒல்லியானவருக்கு அந்தக் கறுப்புக் கோடே இல்லை. எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சாம்பலுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் காண இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பு உள்ளவருக்கு 12 தாங்கும், ஒல்லியானவருக்குத் தாங்காது.

ஆகவே ஒல்லியானவர்களுக்கு எண்ணை 10.5 ஆக்கினோம். டோஸ் இந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். 12-ஐ 10.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.3. டோஸ் 5.2-லிருந்து 6.8-க்கு ஏறியது. டோஸ் குறைக்கக் கிளம்பியவன் ஏற்றி வைத்தேன். அதற்கப்புறம் மேடம் கூப்பிடவில்லை. எட்டு மாதத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெயிண்ட் பக்கெட்

நோயாளிகள் மேல் சோதித்துப் பார்க்க முடியாது. தரச் சோதனைக்கான ஃபாண்டம் (உடம்புக்குப் பதிலாக வைத்து எடுக்கும் மாதிரி) எங்களிடம் இல்லை, சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது கொண்டுவந்து கொண்டுபோய்விடுவார். அதனால் 10 லிட்டர் காலி பெயிண்ட் பக்கெட் ஒன்றும் 20 லிட்டர் ஒன்றும் வாங்கினேன். சின்னதன் விட்டம் சுமார் 25 செ.மீ., நம்ம ஒல்லி உடம்பு. பெரியது 30-ஐ ஒட்டி, நடுத்தரத்துக்கும் கொஞ்சம் மேல். கம்பிப் பிடியைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் படம் முழுக்க வெள்ளைக் கோடு. விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மூடிக்கு சிலிக்கோன் பேஸ்ட் தடவி, பாலிதீன் பையில் சுற்றி, டேபிளில் அடல்ட் டயபர் விரித்து அதன்மேல் படுக்கவைத்தேன். மெஷினின் வளையமான கேன்ட்ரிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் போனால் என் ஒரு வருடச் சம்பளம் போய்விடும். பக்கெட் வாய்ப்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருப்பது நல்லதாகப் போயிற்று. எம்ஏ பத்தி அதற்கேற்ப இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

உள்ளே என்ன வைப்பது? ஈரலில் இருக்கும் சின்னக் கட்டிக்கும் அதைச் சுற்றியுள்ள ஈரலுக்கும் வித்தியாசம் சில சமயம் 10, 15 ஹவுன்ஸ்ஃபீல்ட்தான் (சிடி படத்தில் வெண்மையைச் சொல்லும் அலகு; தண்ணீருக்கு 0). அதை நகலெடுக்க வேண்டும். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் அயோடின் இருந்தால் 120 கேவியில் (எக்ஸ்ரே ட்யூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) ஏறக்குறைய 25 ஹவுன்ஸ்ஃபீல்ட் வரும். எங்கள் கான்ட்ராஸ்டில் ஒரு மில்லிக்கு 350 மில்லிகிராம் அயோடின். அதில் 1 மில்லியை 900 மில்லி தண்ணீரில் கலந்தால் தண்ணீரைவிடச் சுமார் 10 கூடுதல். முதல் தடவை சோம்பேறித்தனமாக சலைன் பாட்டிலிலேயே கலந்துவிட்டேன். உப்புக்கே சில ஹவுன்ஸ்ஃபீல்ட் உண்டு என்பது மண்டையில் உறைக்கவில்லை. கொட்டிவிட்டு ஆர்.ஓ. தண்ணீரில் மறுபடியும் கலந்தேன்.

2 மில்லி, 5 மில்லி, 10 மில்லி சிரிஞ்சுகள், ஒவ்வொரு அளவிலும் இரண்டு. ஒன்றில் கலவை, மற்றொன்றில் வெறும் தண்ணீர். சிரிஞ்சின் பிளாஸ்டிக் சுவர் படத்தில் தெரியும், அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஜோடி. “சிரிஞ்ச் எங்கே” என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். “இந்த இரண்டில் மருந்து இருப்பது எது” என்று கேட்டால்தான் பரீட்சை. நுனியைச் சூட்டுப் பசையால் அடைத்து, பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டி உள்ளே இறக்கினேன்.

எதற்கு இவ்வளவு பாடு? எங்கள் மெஷினில் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறது. இரைச்சலைக் கணக்குப் போட்டுத் துடைத்தெடுக்கும் மென்பொருள். எவ்வளவு துடைக்க வேண்டும் என்று சதவீதத்தில் கொடுக்கலாம். இதைப் போட்டால் டோஸைப் பாதியாக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதியாக்கிப் பார்த்தேன். முழு டோஸில் தண்ணீரின் இரைச்சல் 11.8. பாதி டோஸில் 16.5. பாதி டோஸோடு 60 சதவீதம் துடைத்தால் 11.2. எண்ணை மட்டும் பார்த்தால் முழு டோஸைவிடப் படம் நன்றாக இருக்கிறது.

மேடமிடம் படங்களைக் கலைத்துப் போட்டு, எது எந்த டோஸ் என்று சொல்லாமல் கேட்டேன். 10 மில்லி, 5 மில்லி ஜோடிகளில் மருந்து இருப்பதை எல்லாப் படத்திலும் சரியாகச் சொன்னார். 2 மில்லி ஜோடியில் முழு டோஸில் பத்துக்கு ஒன்பது சரி. பாதி டோஸில் பத்துக்கு ஆறு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐந்து வரும். பாதி டோஸோடு 60 சதவீதம் துடைத்த படத்தில்? அதே ஆறு.

இரைச்சல் எண் இறங்கிவிட்டது, சின்னக் கட்டி வரவில்லை. மென்பொருள் புள்ளிகளைத் துடைக்கும்போது அதற்குள் மங்கலாக இருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. “மெழுகு பூசின மாதிரி இருக்கு” என்றார் மேடம். பத்துப் பத்துப் படங்களை வைத்துப் பெரிய தீர்ப்பு எதுவும் சொல்லிவிட முடியாது என்று தெரியும். ஆனாலும் அன்றோடு இரைச்சல் எண்ணை மட்டும் காட்டி “தரம் குறையவில்லை” என்று சொல்வதை விட்டுவிட்டேன். 40 சதவீதத்தில் நிறுத்தினோம். ஈரலுக்கான ஸ்கேனில் அதை வைத்து டோஸ் குறைக்கவே இல்லை.

கேவி தந்திரமும் என் தப்பும்

அடுத்தது 120 கேவியை 100 ஆக்குவது. எம்ஏ மாறாமல் இருந்தால் இதில் மட்டுமே டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். போனஸாக அயோடின் பளிச்சென்று தெரியும். அயோடின் அதிகம் விழுங்குவது 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலுள்ள கதிர்களை. கேவி குறையக் குறைய நம் கதிர்கள் அந்த இடத்தை நெருங்குகின்றன. பக்கெட்டில் கெட்டியான கலவையோடு வைத்த இன்னொரு சிரிஞ்ச் 120 கேவியில் 200 ஹவுன்ஸ்ஃபீல்ட் காட்டியது, 100 கேவியில் 245.

மாற்றினேன். ஸ்கேனுக்கு முன்னால் காட்டும் சிடிடிஐ அசையவே இல்லை! கேவியைக் குறைத்ததும் இரைச்சல் ஏறுமே என்று மெஷின் எம்ஏவை ஏற்றிக் கணக்கை நேர் செய்துவிட்டது. நாய்ஸ் இண்டெக்ஸ் அப்படியே இருக்கும்வரை அது அப்படித்தான் செய்யும். அயோடின் இருபது சதவீதத்துக்கு மேல் பளிச்சிடுவதால், இரைச்சலையும் இருபது சதவீதம் கூட விட்டாலும் படத்தில் பிரித்தறிவது மாறாது என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். 10.5-ஐ 12.6 ஆக்கினேன். 6.8 மில்லிகிரே 4.7-க்கு வந்தது. கான்ட்ராஸ்ட் ஏற்றும் ஸ்கேனுக்கு மட்டும்தான் இது. பிளெயினில் இந்தக் கணக்கு செல்லாது.

இங்கேதான் பெரிதாகச் சறுக்கினேன். 96 கிலோ எடையுள்ள ஒருவர், கணையத்தில் வீக்கம் என்று வந்தார். புதிய ப்ரோட்டோகால் கையில் கிடைத்த தெம்பில் அவருக்கும் 100 கேவி. முன்கூட்டிக் காட்டிய சிடிடிஐ 8.8. இவ்வளவு பெரிய உடம்புக்கு வெறும் 8.8-ஆ என்று சந்தோஷப்பட்டேனே தவிர, பக்கத்துப் பத்தியைப் பார்க்கவில்லை. கான்ட்ராஸ்ட் உள்ளே போய், 70 விநாடியில் ஸ்கேன் ஓடி, படம் வந்தபோது திரையில் கணையம் இல்லை, தேரிக்காட்டுப் புழுதிதான் இருந்தது. பத்தியைப் பார்த்தேன். 350, 350, 350.

பையனுக்கு அந்த எண் வந்தபோது வேண்டாத டோஸ் போய்க்கொண்டிருந்தது. இவருக்கு வேண்டிய டோஸ் போகவில்லை. இரண்டு இடத்திலும் மெஷின் சொன்னது ஒன்றுதான்: நீ கேட்டதை என்னால் தர முடியவில்லை. ஏன் என்று பார்ப்பது என் வேலை. தண்ணீர் மாதிரியான திசுவில் நாலு செ.மீ.க்குள் எக்ஸ்ரே பாதியாகிவிடும், 100 கேவியில் அதைவிடச் சீக்கிரம். பெரிய வயிற்றைத் தாண்டி மறுபக்கம் வருவது சொற்பம்.

உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, வீனஸ் ஃபேஸ் போனது போனதுதான். மேடமிடம் ஓடினேன். சில நிமிடம் கழித்து 120 கேவியில், கூரையை 500-க்கு உயர்த்தி, கணையப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தோம். ரிப்போர்ட் எழுத முடிந்தது. ஆனால் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மனிதருக்கு இரண்டு தடவை டோஸ் கொடுத்தேன். இப்போது 100 கேவி 70 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் என்றால் பத்தியைப் பார்த்துத்தான் முடிவு. கன்சோல் ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறேன்: “எம்ஏ ஏறி இறங்குகிறதா?”

காசில்லாமல் கிடைத்தவை

டேபிள் உயரம். எங்கள் ஸ்கௌட்டில் எக்ஸ்ரே ட்யூப் மேலே இருக்கிறது. நோயாளி நடுவிலிருந்து மேலே தள்ளிப் படுத்திருந்தால் ட்யூபுக்குக் கிட்டே போய், நிழல் பெரிதாக விழும். மெஷின் அவரைக் குண்டு என்று நம்பி எம்ஏ ஏற்றும். கீழே தள்ளியிருந்தால் ஒல்லி என்று நம்பிக் குறைக்கும், படம் கெடும். பக்கெட்டை 5 செ.மீ. ஏற்றி இறக்கி வைத்துப் பாருங்கள், பத்தி மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேசர் கோடு விலாவின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க ஐந்து விநாடி. வயதானவர்கள் முதுகு வளைந்து, தலையணையோடு படுக்கும்போதுதான் இது அதிகம் தவறும்.

கை. இரண்டு கையும் தலைக்கு மேலே. பக்கவாட்டில் கிடந்தால் இரண்டு எலும்பையும் தாண்டிப் போக மெஷின் டோஸை ஏற்றும், ஈரலுக்குக் குறுக்கே கோடும் விழும். தோள் வலி என்று சொல்கிறவர்களுக்குக் கைக்கடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள்.

அரைஞாண். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இடுப்பில் வெள்ளிக் கொடியோ தாயத்தோ இருந்தால் அந்த மட்டத்துப் படங்களில் நட்சத்திரம் மாதிரி கோடுகள் அடித்து, சில சமயம் மறுபடி எடுக்க வேண்டி வரும். சிலர் கழற்றவே மாட்டார்கள். வற்புறுத்துவதில்லை. “கழட்ட வேண்டாங்கய்யா, தொடைக்கு இறக்கி விடுங்க போதும்” என்றால் பிரச்சினை தீர்ந்தது. புடவைக் கொசுவத்து ஊக்கையும் மறக்காமல் கேளுங்கள்.

நீளம். 48 செ.மீ. எடுத்த இடத்தில் 44 போதும் என்றாகிவிட்டது. மேலே உதரவிதானத்தின் உச்சி, கீழே இடுப்பெலும்பின் முன்மூட்டு. பாதுகாப்புக்கு என்று மேலே இரண்டு விரல், கீழே இரண்டு விரல் விட்டுக்கொண்டே இருந்தோம். மூச்சுப் பயிற்சியை ஸ்கௌட்டுக்கு முன்னாலேயே ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்த பயம் தேவையில்லை. ஸ்பீக்கரில் வரும் பதிவுக் குரலை நம்பாமல் நானே பக்கத்தில் நின்று, “மூச்சை இழுங்க, புடிச்சுக்குங்க, நான் சொல்றப்ப விடுங்க” என்று ஒத்திகை பார்க்கிறேன்.

ஒரு ஏ4 தாள்

எல்லாவற்றையும்விட அதிகம் குறைத்தது மென்பொருளும் இல்லை, கேவியும் இல்லை. மேடம் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். எந்தக் கேள்விக்கு எத்தனை ஃபேஸ் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்பெண்டிக்ஸ் சந்தேகம், காரணம் தெரியாத வயிற்று வலி, சீழ்க்கட்டி என்றால் வீனஸ் ஃபேஸ் ஒன்றே ஒன்று, 70 விநாடியில். ஈரல் புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் ஆர்ட்டீரியல் (மருந்து தமனியில் இருக்கும்போது), வீனஸ், டிலேய்டு மூன்றும் கட்டாயம். மருந்தை வாங்கி வெளியேற்றும் விதத்தை வைத்துத்தான் அந்தக் கட்டியையே அடையாளம் காண்கிறார்கள், அதில் கை வைக்கக்கூடாது. குடலில் ரத்தக்கசிவு என்றால் பிளெயினும் வேண்டும்.

தாளை ஒட்டிய வாரமே ஒரு சர்ஜன் போனில் பிடித்துக்கொண்டார். “பிளெயின் எடுக்காம கான்ட்ராஸ்ட் மட்டும் எடுத்தா எப்படித் தம்பி? நாளைக்கு ஏதாவது விட்டுப்போச்சுன்னா?” என்னிடம் பதில் இல்லை, போனை மேடமிடம் கொடுத்தேன். மேடம் கேட்டது ஒரே கேள்வி: “சார், போன மாசம் எடுத்த அப்பெண்டிக்ஸ் கேஸ்ல பிளெயினைப் பாத்து நீங்க எதையாவது மாத்திச் செஞ்சீங்களா?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சரி என்றார். எல்லா டாக்டரும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் சீட்டில் ‘பிளெயின் பிளஸ் கான்ட்ராஸ்ட்’ என்று எழுதி வருவது நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் போன் செய்கிறோம்.

கல் ஸ்கேனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடைகாலத்தில் எங்களுக்கு வருவதில் நிறைய சிறுநீரகக் கல்தான். கல் என்பது சாம்பலுக்குள் சாம்பல் இல்லை, சாம்பலுக்குள் வெள்ளை. கால்சியம் கல் பல நூறு ஹவுன்ஸ்ஃபீல்ட் காட்டும். படம் எவ்வளவு புள்ளி புள்ளியாக இருந்தாலும் தெரியும். அதற்குத் தனி ப்ரோட்டோகால் போட்டு இரைச்சலைத் தாராளமாக விட்டோம், நீளத்தைச் சிறுநீரகத்தின் உச்சியிலிருந்து தொடங்கினோம். சிடிடிஐ 3-ஐ ஒட்டி, மொத்தம் 2 மில்லிசீவெர்ட்டுக்குள். உலக சராசரியில் ஓர் ஆண்டுக்கு இயற்கையாகவே ஒரு மனிதருக்கு ஏறுவது 2.4. எங்கள் பக்கத்தில் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டும் அதற்குள் தோரியமும் இருப்பதால், கடற்கரைக்காரர்கள் “எங்க மணல்ல இல்லாததா” என்று சிரிப்பார்கள். கல் திரும்பத் திரும்ப வரும் நோய் என்பதால்தான் இதில் கறாராக இருக்கிறேன். ஒரே ஆள் ஒரு வருடத்தில் மூன்றாம் தடவை டேபிளில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பையன் மாதிரி ஒருவர் வந்தால் வீனஸ் ஃபேஸ் ஒன்று, 4.7 மில்லிகிரே, 44 செ.மீ., டிஎல்பி 207. மில்லிசீவெர்ட்டில் 3.1. முன்பு 30.2.

மிச்சம் இருப்பது குழந்தைகள். அதில் இன்னும் கை வைக்கவில்லை. அங்கே முதல் குழப்பமே எண்ணில். குழந்தை வயிற்றுக்குச் சில மெஷின்கள் 16 செ.மீ. உருளைக்கான சிடிடிஐயைக் காட்டும், சில 32-க்கானதைக் காட்டும். அதே டோஸுக்கு முதல் வகையில் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். எங்கள் மெஷின் எதைக் காட்டுகிறது என்று டோஸ் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, நேற்றுத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 10 லிட்டர் பக்கெட் மூன்று வயதுப் பிள்ளைக்கு ரொம்பப் பெரிது. சின்ன ஊறுகாய் ஜாடி ஒன்று, அகல வாயும் திருகு மூடியும் உள்ளதாக, பார்த்து வைக்கச் சொல்லி கேன்டீன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மாங்காய் தீர்ந்ததும் தருகிறேன் என்றிருக்கிறார்.